வண்டியோட ஒரிஜினல் கரண்ட்லயே ஆம்ப் ஓட்டுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

வண்டில புதுசா ஆம்ப் (பாட்டு சவுண்ட பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர்) மாட்டுறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் தடுமாறுறாங்க. மொதல்ல ஆம்ப வாங்கிடுறாங்க, பொறவு அதுக்கு ஒரு கிட் ஒயர், மாட்டுன அன்னைக்கே ராத்திரி ஹெட்லைட் மங்குது, அப்ப யாராவது கப்பாசிட்டர் (கரண்ட கொஞ்ச நேரம் தேக்கி வைக்கிறது) போடுன்னு சொல்றாங்க, அதுவும் போட்டு சரியாகல, கடைசில பேட்டரியையே மாத்துறாங்க. வரிசையே தலைகீழ். கம்பெனி குடுத்த ஆல்டர்னேட்டரையும் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குறது) பேட்டரியையும் தொடாமலே நல்லா பாட்டு கேக்கலாம், ஆனா வண்டில எவ்வளவு கரண்ட் மிச்சம் இருக்குன்னு மொதல்ல அளந்துட்டு அதுக்கு ஏத்த ஆம்ப பொறவு வாங்கணும். கீழ உள்ள வரிசைய மாத்தாம செய்யுங்க, ஒவ்வொண்ணுக்கும் காரணமும் சேத்தே சொல்லிருக்கேன்.

## 1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி வண்டிய அளந்து பாருங்க

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேணும், விலை கம்மியானது போதும். இது இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்கவே வேண்டாம்.

வண்டிய ராத்திரி நிறுத்தி காலைல எடுக்குறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு டெர்மினல்லயும் மீட்டர வைங்க. 12.6 வோல்ட் பக்கத்துல இருந்தா ஃபுல் சார்ஜ். 12.4 இருந்தா முக்கால்வாசி. 12.2ன்னா பாதிதான் இருக்கு, அப்படி ஒரு பேட்டரிய வச்சுக்கிட்டு ஆம்ப பத்தி யோசிக்கக்கூடாது, மொதல்ல அது ஏன் சார்ஜ் ஏறலன்னு பாக்கணும்.

பொறவு எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க. 13.8லிருந்து 14.4 வரைக்கும் காட்டணும். இப்ப ஏசி ஆன், ப்ளோயர் ஃபுல், ஹெட்லைட் ஆன், வைப்பர் ஆன், பின் கண்ணாடி டீஃபாகர் இருந்தா அதுவும் ஆன், ஆக்சிலேட்டர மிதிக்காம ஐடில்லயே விட்டு ஒரு அஞ்சு நிமிசம் கழிச்சு பாருங்க. 13.5க்கு மேல நின்னா நல்ல மிச்சம் இருக்கு. 13 பக்கத்துல நின்னா சின்ன ஆம்ப்தான். 12.8க்கு கீழ போச்சுன்னா அந்த நேரத்துல வண்டி ஏற்கனவே பேட்டரிய தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஆம்புக்கு குடுக்க ஒண்ணும் இல்ல.

ஏன் ஐடில்ல பாக்கணும்னா, ஆல்டர்னேட்டர் மேல 70 ஆம்பியர்னு எழுதிருந்தா அது நல்ல வேகத்துல சுத்தும்போது தர்றது, ஐடில்ல, அதுவும் சூடான பொறவு, அதுல பாதி பக்கம்தான் வரும். ஹாலஜன் ஹெட்லைட் ரெண்டும் சேந்து 8 ஆம்பியர் எடுக்கும், ப்ளோயர் ஃபுல்ல ஒரு 15, ரேடியேட்டர் ஃபேன் ஒரு 15, பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேத்து ஒரு 10, வைப்பர் 4, 5. கூட்டிப் பாருங்க, 50ஐ தாண்டிருச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு, கொட்டுற மழைல மார்த்தாண்டத்துலயோ வடசேரிலயோ வண்டி ஊர்ந்து ஊர்ந்து போற சாயந்திரம்தான் உங்க சிஸ்டத்துக்கு உண்மையான பரீட்சை. டிசம்பர்ல வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடப் போற கேரல் ரவுண்ட்ஸ் வண்டியும் இதே கதிதான், ராத்திரி பூரா ஐடில்ல பாட்டு.

ஒரு விசயம் பாத்துக்கிடுங்க. புது வண்டி பலதுல ஆல்டர்னேட்டர கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்தும், ஓடிக்கிட்டு இருக்கும்போதே வோல்டேஜ் 12.8 வரை இறங்கி பொறவு ஏறும், அது கோளாறு இல்ல, பெட்ரோல் மிச்சம் பண்ண செய்யுறது. அந்த மாதிரி வண்டில ஒரு தடவ பாத்து முடிவு பண்ணாதீங்க, கொஞ்ச தூரம் ஓட்டி ஓட்டி பாருங்க. ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டி பலதுல சீட்டுக்கு அடியில தனியா ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும், அதுல எந்த ஒயரும் எடுக்கக்கூடாது.

## 2. பெட்டில எழுதுன வாட்ஸ நம்பாதீங்க, ஆர்எம்எஸ் வச்சு கணக்குப் போடுங்க

பெட்டில 2000 வாட்ஸ்னு பெருசா போட்டுருப்பான், ஆம்ப் ஓரத்துல ரெண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 60 ஆம்பியர் 13.8 வோல்ட்ல மொத்தமா 828 வாட்ஸ்தான் உள்ள போகவே முடியும், வெளிய 2000 எங்கேருந்து வரும். அதனால மேனுவல்ல ஆர்எம்எஸ் (ஆம்ப் தொடர்ந்து குடுக்கக்கூடிய உண்மையான வாட்ஸ்) என்னன்னு மட்டும் பாருங்க.

கணக்கு ரொம்ப லேசு. ஆர்எம்எஸ் வாட்ஸ ஆம்போட எஃபிஷியன்சியால (உள்ள போற வாட்ஸ்ல வெளிய வர்ற பங்கு) வகுத்து, வந்தத 13.8ஆல வகுங்க. கிளாஸ் டி வகை ஆம்புக்கு 0.8, கிளாஸ் ஏபி வகைக்கு 0.55ன்னு வச்சுக்கிடலாம். 400 ஆர்எம்எஸ் கிளாஸ் டி மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்னா 500 வாட்ஸ் உள்ள போவுது, 36 ஆம்பியர். நாலு சேனல் 50 வாட்ஸ் கிளாஸ் ஏபின்னா 200 வாட்ஸ்தான் வெளிய வருது ஆனா 26 ஆம்பியர் எடுக்கும், மீதி எல்லாம் சூடாத்தான் போவுது. அதனாலதான் ஒரிஜினல் கரண்ட்ல ஓட்டுறவங்க கிளாஸ் டி வாங்கணும்னு அடிச்சு சொல்லுறேன்.

இது உச்சத்துல எடுக்குற கரண்ட். பாட்டு ஏறி இறங்குறதால சராசரியா இதுல மூணுல ஒரு பங்குதான் வரும், 36க்கு 12 ஆம்பியர். உச்சத்துல வர்ற அந்த நொடி இடிய பேட்டரி தாங்கிக்கிடும், சராசரிய ஆல்டர்னேட்டர் தாங்கணும். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள சின்ன பெட்ரோல் வண்டிக்கு மொத்தம் 400 ஆர்எம்எஸ் கிளாஸ் டி, அதோட நிறுத்திக்கிடுங்கன்னுதான் என் அபிப்பிராயம். டீசல் வண்டில பேட்டரி பெருசா இருக்கும், கொஞ்சம் கூடப் போலாம்.

## 3. ஒயர்லதான் எல்லாரும் காசு மிச்சம் பண்ணி ஏமாறுறாங்க

ஆம்புக்கு 10000 குடுத்துட்டு ஒயருக்கு 800 ரூபா கிட் வாங்குறவங்கள நிறைய பாத்துருக்கேன். அந்த கிட்ல 4 கேஜ்னு (கம்பி மொத்தத்த சொல்லுற அளவு) எழுதிருக்கும், வெட்டிப் பாத்தா தடிச்ச ரப்பருக்கு நடுவுல பென்சில் மொத்தத்துக்கு கம்பி, அதுவும் செம்பு இல்ல, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுனது.

கண்டுபிடிக்கிறது ஈஸி. ஒரு இழைய எடுத்து பிளேடால சுரண்டுங்க. வெளிய செம்பு நிறம் உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம். வெளிய வெள்ளை உள்ள செம்பா இருந்தா அது வெள்ளீயம் பூசுன நல்ல செம்பு, அத விட்டுடாதீங்க, குளச்சல் முட்டம் மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்துல வண்டி நிக்கிறவங்களுக்கு அதுதான் ரொம்ப நல்லது, உப்புக்காத்துல சாதா செம்பு சீக்கிரமே பச்சை பிடிச்சுரும்.

ஏன் இவ்வளவு சொல்லுறேன்னா, பானட்லேருந்து டிக்கி வரைக்கும் 5 மீட்டர்னு வைங்க, 36 ஆம்பியர் போவுது. 10 ஸ்கொயர் எம்எம் செம்புல 0.3 வோல்ட் வழிலயே போயிரும். 16ல 0.2க்கும் கீழ. 25ல 0.12. அலுமினியம் கலந்ததுல 16 போட்டாலும் 10 செம்பு போட்ட மாதிரிதான். 400 ஆர்எம்எஸ்க்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு தாராளம், பின்னால பெருசாக்கணும்னு நெனச்சா 25 போட்டுருங்க. ஆடியோ கடைல கிடைக்கலன்னா பேட்டரி கடைலயோ வெல்டிங் சாமான் விக்கிற கடைலயோ நல்ல செம்பு கேபிள் மீட்டர் கணக்குல கேட்டுப் பாருங்க.

இது போக வேண்டியது: ஃபியூஸ் ஹோல்டரும் ஏஎன்எல் ஃபியூஸும் (மொத்தமான கேபிளுக்கு போடுற பெரிய ஃபியூஸ்), கேபிள் சைசுக்கு ஏத்த செம்பு லக் (கேபிள் முனைல மாட்டுற வளையம்), லக் அமுக்குற க்ரிம்பிங் டூல் (கட்டிங் பிளேயரால அமுக்குனா அது சூடாகிற ஜாயிண்ட்), ஸ்லீவ், ரப்பர் கிராமெட் (ஓட்டை ஓரத்துல வைக்கிற ரப்பர் வளையம்), உப்புத்தாள், வாசலின், ஆர்சிஏ ஒயர் (ஸ்டீரியோலேருந்து ஆம்புக்கு பாட்டு சிக்னல் கொண்டு போறது), ரிமோட்டுக்கு (ஆம்ப ஆன் பண்ணுற சிக்னல்) ஒரு மெல்லிசு ஒயர்.

## 4. பேட்டரில நெகட்டிவ மொதல்ல கழட்டுங்க

கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. பாசிட்டிவ மொதல்ல கழட்டப் போனா ஸ்பேனர் பாடில பட்டுச்சுன்னா அங்கயே ஷார்ட், ஸ்பேனர் உருகி ஒட்டிக்கிடும். சில ஸ்டீரியோக்கு பேட்டரி கழட்டுனா கோட் கேக்கும், அந்த நம்பர் கைல இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கிடுங்க.

## 5. பவர் கேபிள், ஃபியூஸ்

கேபிள பானட்லேருந்து உள்ளுக்க கொண்டு வர்றதுக்கு ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவுல உள்ள தகடு) ஏற்கனவே ஒரு ரப்பர் கிராமெட் இருக்கும், வண்டி ஒயரிங் அது வழிதான் போவும். அதுல ஓரமா ஒரு ஓட்டை போட்டு இழுக்கலாம். புதுசா ஓட்டை போட்டா கண்டிப்பா கிராமெட் வைங்க. வெறும் தகட்டுல கேபிள் உரசி உரசி ரப்பர் தேஞ்சுதுன்னா பாசிட்டிவ் நேரா பாடில, அதுதான் வண்டி பத்தி எரியுற வழி. எஞ்சின் பக்கம் முழுக்க ஸ்லீவ் போட்டு, எக்சாஸ்ட்லேருந்தும் ஸ்டீரிங் ராடுலேருந்தும் தள்ளி கட்டுங்க.

உள்ள வந்த பொறவு கதவு வாசப்படி பிளாஸ்டிக் அடில ஒரு பக்கமா இழுங்க. ஆர்சிஏ ஒயர எதிர் பக்க வாசப்படில இழுங்க. ரெண்டையும் ஒண்ணா கட்டுனா ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ஒரு கீச்சல் வர வாய்ப்பு இருக்கு.

ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவ்லேருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். டிக்கில ஆம்ப் பக்கத்துல ஃபியூஸ வச்சுட்டு பத்திரம்னு நெனைக்கிறவங்க உண்டு. ஃபியூஸ் ஆம்ப காப்பாத்த இல்ல, கேபிள காப்பாத்த. கேபிள் நடுவுல எங்கயாவது நசுங்கி பாடில பட்டா அதுக்கு முன்னாடி ஃபியூஸ் இருந்தாத்தான் அறுத்துவிடும். ரேட்டிங் ஆம்ப்ல உள்ள ஃபியூஸ்களோட மொத்தத்துக்கு சமமாவோ கொஞ்சம் கூடுதலாவோ இருக்கலாம், கேபிள் தாங்குறத தாண்டக்கூடாது. ஆம்ப்ல 40 இருந்தா இங்க 50 போடலாம். அடிக்கடி அறுந்து போவுதுன்னு 100 போடுறவங்க தீய வெல குடுத்து வாங்குறாங்க.

இப்போதைக்கு ஹோல்டர் மட்டும் மாட்டுங்க, ஃபியூஸ் உள்ள வைக்க வேண்டாம், அதுக்கு நேரம் வரும்.

## 6. எர்த், இதுக்குத்தான் நேரம் செலவழிக்கணும்

கம்ப்ளெய்ண்ட்னு வர்ற வண்டில பாதிக்கு மேல எர்த்துதான் (ஆம்ப் நெகட்டிவ வண்டி பாடில மாட்டுறது) காரணம். பாசிட்டிவுக்கு மொத்தமான கேபிள் போட்டுட்டு எர்த்துக்கு மெல்லிசு ஒயர் எடுத்து சீட் ஸ்க்ரூல பெயிண்ட்டுக்கு மேலயே முறுக்கி வச்சிருப்பாங்க. போன கரண்ட் அதே அளவு திரும்பி வரணும், அதனால எர்த் கேபிளும் அதே மொத்தம், அரை மீட்டருக்குள்ள.

டிக்கில பாடியோட வெல்ட் ஆன தடிச்ச தகடு எங்க இருக்குன்னு பாருங்க. சீட் பெல்ட் போல்ட்ட தொடாதீங்க, உயிர் காக்குற போல்ட் அது. ஓட்டை போடுறதா இருந்தா வண்டிக்கு அடில குனிஞ்சு பாத்துட்டுதான் போடணும், பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ஃப்யூவல் லைன் எல்லாம் அங்கதான் போவுது. டிக்கில சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டில அந்தப் பக்கம் டிரில் போடவே வேண்டாம், இருக்குற போல்ட்ட பயன்படுத்துங்க.

இடம் முடிவாயிட்டுதுன்னா உப்புத்தாள் வச்சு பெயிண்டும் ப்ரைமரும் போயி தகடு பளபளன்னு தெரியுற வரை தேய்ங்க. லக், பல்லு வாஷர், போல்ட், நல்லா முறுக்குங்க. முறுக்கி முடிச்ச பொறவுதான் மேல வாசலின் பூசணும், தகட்டுக்கு பின்பக்கமும் பூசணும். பெயிண்ட் போன இடம் நம்ம ஊரு காத்துல ஒரு மழைக்காலத்துலயே துரு பிடிச்சுரும், துரு பிடிச்ச எர்த் எர்த்தே இல்ல.

டிக்கிலேருந்து நேரா பேட்டரி நெகட்டிவுக்கு கேபிள் இழுத்தா நல்லதுன்னு சிலர் சொல்லுவாங்க. புது வண்டில நெகட்டிவ் டெர்மினல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கும், பேட்டரிக்குள்ள போற வர்ற கரண்ட எல்லாம் அதுதான் எண்ணும். டெர்மினல் மேலயே நீங்க மாட்டுனா ஆம்ப் எடுக்குறது அதுக்கு தெரியாது, சார்ஜிங் கணக்கு தப்பும். பாடில மாட்டுறதுதான் சரி.

## 7. ரிமோட் ஒயரும் சிக்னலும்

வெளில வாங்குன ஸ்டீரியோன்னா பின்னால நீலத்துல வெள்ளைக் கோடு போட்ட ஒயர் இருக்கும், செட் ஆன் ஆனாத்தான் அதுல 12 வோல்ட் வரும், அத ஆம்ப்ல ரிமோட்னு எழுதுன இடத்துல குடுங்க. கம்பெனி ஸ்டீரியோல பெரும்பாலும் அது இருக்காது. அப்ப ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்குனா ஸ்பீக்கர் ஒயர்லேருந்தே சிக்னல் எடுத்து தானா ஆன் ஆகும். அதுவும் இல்லன்னா ஃபியூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒரு ஃபியூஸ மீட்டர் வச்சு கண்டுபிடிச்சு ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்துலேருந்து கிளை ஒயர் எடுக்குற சாமான்) மூலமா எடுங்க.

ரிமோட்ட நேரா பேட்டரி பாசிட்டிவ்ல குடுக்குறதுதான் மகா தப்பு. ஆம்ப் ராத்திரியும் பகலும் ஆன்லயே இருக்கும், ரெண்டு நாள் வண்டி எடுக்கலன்னா ஸ்டார்ட் ஆகாது, பழி பேட்டரி மேல விழும்.

## 8. ஆம்ப் எங்க, எப்ப ஆன்

டிக்கி தரைல வைக்காதீங்க, ஸ்டெப்னி குழில மழைத்தண்ணி தேங்குற வண்டி நிறைய. சப் (பாஸ் மட்டும் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர்) பெட்டி மேலயும் வேண்டாம், அதிர்வுல ஸ்க்ரூ லூசாகும். பின் சீட் முதுகுல பலகை அடிச்சு மாட்டுறதுதான் எனக்கு பிடிச்ச இடம், சுத்தி நாலு விரல் இடம் விட்டா காத்தும் போவும்.

ஆம்ப்ல எர்த் மொதல்ல, பொறவு பவர், ரிமோட், ஸ்பீக்கர், கடைசில ஆர்சிஏ. ஒரு இழை கூட பக்கத்து டெர்மினல தொடக்கூடாது. பேட்டரி நெகட்டிவ மாட்டுங்க. செட் ஆஃப்ல இருக்கணும், கெய்ன் (ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்ப அமைக்கிற திருகு) பூச்சியத்துல இருக்கணும். இப்ப ஃபியூஸ வைங்க. உள்ள இருக்குற சின்ன கப்பாசிட்டர்கள் நிறையுறதால லேசா ஒரு பொறி வரலாம், பயப்பட வேண்டாம். ஃபியூஸ் உடனே அறுந்தா பெரிய ஃபியூஸ் தேடாதீங்க, ஷார்ட்ட தேடுங்க.

## 9. கெய்ன் சவுண்ட் கூட்டுற பட்டன் இல்ல

கெய்ன ஃபுல்லா திருப்புனா நல்ல சவுண்ட் கூடாது, அலை மொட்டையாகி கரண்ட் அதிகமா எடுக்கும், ஸ்பீக்கர் காயில் சூடாகி கருகும். ஒரிஜினல் கரண்ட்ல ஓட்டும்போது கெய்ன் சரியா இருந்தாத்தான் மேல போட்ட கணக்கெல்லாம் நிக்கும்.

ஸ்பீக்கர் ஒயர ஆம்ப்லேருந்து கழட்டுங்க. எஞ்சின் ஓடட்டும். பாஸ் பூஸ்ட் ஆஃப், ஈக்வலைசர் ஃப்ளாட். ஸ்டீரியோ வால்யூம் முக்கால்ல வச்சு, சப் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ், டோர் ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓட விட்டு, மீட்டர ஏசி வோல்ட்ல போட்டு ஸ்பீக்கர் டெர்மினல்ல வைங்க. வர வேண்டிய வோல்ட், வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி அதோட வர்க்கமூலம். 50 வாட்ஸ் 4 ஓம்னா 14 வோல்ட். 300 வாட்ஸ் 2 ஓம்னா 24.5 வோல்ட். அந்த நம்பர் வர்ற வரைக்கும் கெய்ன பைய பைய திருப்பி அங்கயே விட்டுருங்க.

## 10. லோடு குடுத்து அளந்து பாருங்க

இத யாருமே செய்யுறதில்ல, ஆனா எங்க கோளாறுன்னு காட்டிக் குடுக்குறது இதுதான். ஸ்பீக்கர திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போது நீங்க வழக்கமா கேக்குற உச்ச சவுண்ட்ல 50 ஹெர்ட்ஸ் டோன சில நொடி மட்டும் விட்டு, பேட்டரிலயும் ஆம்ப் டெர்மினல்லயும் வோல்டேஜ் பாருங்க. பாட்டுல பாத்தா மீட்டர் நிலையா நிக்காது.

பேட்டரில 13.6, ஆம்ப்ல 12.6ன்னா ஒரு வோல்ட் வழில போவுது, தப்பு உங்க ஒயரிங்ல. எந்தப் பக்கம்னு பாக்க ஒரு நீள ஒயர மீட்டர் முனைல சேத்து பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவுல வைங்க, 0.2க்கு மேல காட்டுனா எர்த்த திரும்ப தேய்க்கணும். அதே மாதிரி பாசிட்டிவ்லேருந்து பாசிட்டிவுக்கு. அங்க கூடுதலா காட்டுனா ஃபியூஸ் ஹோல்டர தொட்டுப் பாருங்க, சுட்டா அதுதான்.

பேட்டரிலயும் ஆம்ப்லயும் சேந்தே 12.3க்கு இறங்குச்சுன்னா ஒயரிங் நல்லாத்தான் இருக்கு, ஆல்டர்னேட்டருக்கு முடியல.

## 11. அப்பவும் லைட் மங்குதுன்னா

மொதல்ல கெய்னையும் பாஸையும் கொறைங்க, செலவு இல்ல. அடுத்து மூணு கேபிள்: ஆல்டர்னேட்டர்லேருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஃபியூஸோட ஒண்ணு, பேட்டரி நெகட்டிவ்லேருந்து பாடிக்கு ஒண்ணு, எஞ்சின்லேருந்து பாடிக்கு ஒண்ணு. பழசை எடுக்காம கூடவே மொத்தமான செம்பு கேபிள் போடுறது. பழைய வண்டில இதுக்கு நல்ல பலன் உண்டு, ஏன்னா எஞ்சின் எர்த் பட்டை உப்பு பிடிச்சு பாதி அரிச்சிருக்கும். நெகட்டிவ்ல சென்சார் உள்ள வண்டில அந்த ரெண்டாவது கேபிள சென்சாருக்கு பாடி பக்கத்துலதான் மாட்டணும். பொறவு பேட்டரி பழசா இருந்தா மாத்துங்க.

கப்பாசிட்டர் கரண்ட உண்டாக்காது. ஆல்டர்னேட்டர் குடுத்தத வாங்கி வச்சு ஒரு நொடிக்குள்ள திருப்பி குடுக்கும், அவ்வளவுதான். சராசரியே பத்தாத வண்டில அது இன்னொரு லோடு. அந்தக் காச கேபிளுக்கு போடுங்க.

## 12. மாட்டுன பொறவு பாத்துக்க வேண்டியது

ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் எர்த் போல்ட், ஃபியூஸ் ஹோல்டர், பேட்டரி டெர்மினல் மூணையும் திறந்து பாருங்க. டெர்மினல்ல வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தா கேபிள கழட்டி, ஆப்ப சோடாவ வெந்நீர்ல கலக்கி ஊத்தி பழைய பிரஷால தேய்ச்சு கழுவி, காஞ்ச பொறவு மாட்டி வாசலின் பூசுங்க. சோடா தண்ணி பேட்டரி மூடி வழியா உள்ள போயிரக்கூடாது.

முட்டத்துலயோ சொத்தவிளைலயோ கடற்கரைல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு டிக்கிய திறந்து வச்சு பாட்டு கேக்குறவங்களுக்கு: 35 ஆம்பியர் ஹவர் பேட்டரில பாதிக்கு மேல எடுக்கக்கூடாது, சராசரி 12 ஆம்பியர்ல ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்னு கணக்கு வரும், ஆனா கணக்குல உள்ளது புது பேட்டரி, ஓடிப் பழகுன பேட்டரிக்கு ஒரு மணி நேரம் கூட வைக்காதீங்க. லைட்டர் சாக்கெட்டுல சொருகுற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, பாட்டு ஓடும்போது அது 12க்கு கீழ இறங்குனா உடனே ஸ்டார்ட் பண்ணுங்க. இறங்குன சார்ஜ் அங்கயே ஐடில்ல நின்னா லேசுல ஏறாது, வண்டிய நல்லா ஓட்டுனாத்தான் ஏறும், பக்கத்துலயே வீடுன்னா அன்னைக்கு கொஞ்சம் சுத்திப் போங்க.